குங்குமம் விழுந்த சர்வே நம்பர்

எங்கள் தெருவின் கிழக்குக் கடைசியில் நாலு வீடும் ஒரு குழாயும் ஒரு வேப்ப மரமும் சேர்ந்து அரசாங்க ஆபீஸாக மாறிப்போன வருஷம், என் மகள் யாழினிக்கு ஒன்றரை வயசு, என் மாவு மில் மிஷினுக்கு ஐந்து மாசம். ஒன்றைத் தொட்டிலிலும் இன்னொன்றைத் தார்ப்பாய்க்குள்ளும் வைத்து நான்தான் பார்த்துக்கொண்டேன். மகளாவது எழுந்து நடந்து பாத்திரத்தையெல்லாம் உருட்டப் பழகிவிட்டாள். மிஷின் இன்னும் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

சுற்றுவதற்குக் கரண்டு வேண்டும். கரண்டு ஆபீஸ்காரர்கள் நல்ல மனுஷர்கள், கம்பி இழுத்து, மீட்டர் மாட்டி, எல்லாம் செய்துவிட்டு ஃபியூஸ் கட்டையை மட்டும் கையோடு எடுத்துப் போனார்கள். "இந்த இடத்துல மில் வைக்கலாம்னு திட்ட ஆபீஸ்ல ஒரே ஒரு காகிதம் வாங்கிட்டு வாங்கம்மா, கட்டையைச் சொருகிடுறோம்" என்றார் லைன்மேன். ஒரே ஒரு காகிதம்தானே என்று நானும் தலையை ஆட்டினேன். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைக்க எங்கள் பக்கத்துப் பெண்கள் மடியில் தகர டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய், தும்மிக்கொண்டே திரும்பி வருவார்கள். விஜயதசமியன்று உங்கள் டப்பாவெல்லாம் என் வாசலுக்கு வரட்டும் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் சிந்தலூர்த் திட்ட ஆபீஸில் ஒரு மேப் உண்டு. கதவு அகலத்துக்கு இருக்கும், ஊர் முழுவதும் அதில் நிறம் நிறமாக இருக்கும் என்று சொல்வார்கள். மஞ்சள் என்றால் வீடு, அதிலே சின்ன மாவு மில் வைத்துக்கொள்ளலாம். நீலம் என்றால் கடை, ஊதா என்றால் தொழிற்சாலை, பச்சை என்றால் வயல். சிவப்பு என்றால் பொது, அதாவது ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேறு எதுவும் கூடாது. நான் கேட்டது ஒரே கேள்வி: "சார், சர்வே நம்பர் நூத்திப் பதினேழில் நாலு, அது என்ன நிறம்?" ஐந்து தடவை போனேன். முதல் தடவை மேப் பீரோவில் இருந்தது. இரண்டாவது தடவை சாவி இன்னொருத்தரிடம் இருந்தது. மூன்றாவது தடவை அந்த இன்னொருத்தர் மாற்றலாகிப் போயிருந்தார். நாலாவது தடவை சாவி வந்துவிட்டது, பீரோதான் துருப்பிடித்துத் திறக்கவில்லை. ஐந்தாவது தடவை, பெரிய அதிகாரி வருகிறார் என்று பீரோவை நெம்பி மேப்பை எடுத்துச் சுவரில் மாட்டப் போகிறோம், பூஜை லீவு கழித்து வாருங்கள் என்றார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆபீஸில் பூஜை போட்டார்கள். டைப் அடிக்கிற மிஷினுக்கு, நாற்காலிக்கு, ஜெராக்ஸுக்கு, கதவுக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த ஆபீஸ் உதவியாளர் அங்காயி அக்கா, சுவரில் புதிதாகத் தொங்கிய மேப்பைப் பார்த்தார். சந்தனம் கிண்ணத்தில் தீர்ந்துபோயிருந்தது. இருந்த குங்குமத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி நட்ட நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி கட்டப் போய்விட்டார். சிந்தலூரின் நட்ட நடுவில் இருப்பது எங்கள் தெருவின் கிழக்குக் கடைசி.

மறுநாள் காலையில் என் அடுப்புப் பற்றவில்லை.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு சகாயமேரி அக்காவிடம் போனேன். அவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் இல்லை. அவர் வீட்டுச் சேவல் மதில்மேல் ஏறிக் கழுத்தை நீட்டியது, கொஞ்ச நேரம் யோசித்தது, மடக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. முந்தின நாள் கரைத்து வைத்த இட்லி மாவு வைத்த கோட்டிலேயே நின்றது. அன்றும் அப்படி, விஜயதசமியன்றும் அப்படி. மூன்றாவது நாள் சரியாகப் பத்து மணிக்கு நான் உரசிய தீக்குச்சி பற்றியது, குழாய் கொட்டியது, சேவல் கூவியது, மாவு பொங்கி வழிந்தது, தொட்டிலில் இருந்த மகள் அதுவரை வாய் திறக்காதவள் வீறிட்டாள். மத்தியானம் ஒரு மணிக்குக் குக்கர் பாதி விசில் அடித்து நின்றது. மீதி விசிலை இரண்டு மணிக்கு அடித்தது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எல்லாம் மறுபடி அடங்கியது.

என் வீட்டுக்காரர் தவசி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், லைசென்ஸ், பர்மிட் என்று நின்று நின்று பழகினவர். அவர்தான் கண்டுபிடித்தார். "இந்தா புள்ள, இது ஆபீஸ் டைம்டீ."

"நம்ம வீட்டுக்கு எதுக்கு ஆபீஸ் டைம்?"

"அதை ஆபீஸ்லதான் கேக்கணும்."

நமக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் தூக்கம் வரும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இடுப்பில் பிள்ளையும் கையில் தீப்பெட்டியுமாக ஒவ்வொரு அடிக்கும் ஒரு குச்சி உரசிக்கொண்டே தெருவில் நடந்தேன். பற்றுகிற இடத்தில் கோலமாவால் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு தீப்பெட்டி தீர்ந்தபோது புள்ளிகள் ஒன்று சேர்ந்து அழகான வட்டமாக இருந்தன, உள்ளே நாலு வீடு, குழாய், வடக்கு ஓரத்தில் வேப்ப மரம். மனுஷர்கள் நடக்கலாம், பேசலாம், தடையில்லை. ஆனால் வேலை செய்ய வேண்டியது எதுவாக இருந்தாலும் அது வட்டத்துக்குள் பத்து மணிக்கு மேல்தான் செய்யும், ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் அரசு விடுமுறையும் செய்யாது.

பத்து நாளில் எல்லோரும் பழகிவிட்டோம். கோட்டுக்கு வெளியே செங்கல் வைத்து நாலு வீட்டுக்கும் வரிசையாக அடுப்புப் போட்டோம். அவர் ஆட்டோவைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார். சகாயமேரி அக்காவின் கோழி மூன்று மூன்றாக முட்டையிடத் தொடங்கியது. ஒன்று முட்டை, மற்ற இரண்டும் நகல். நகலில் ஓடு இருக்கும், வெள்ளை இருக்கும், மஞ்சள் கரு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் மட்டும் இருக்கும். ஆம்லெட்டுக்கு ஆகாது, கேக்கில் போட்டால் யாருக்கும் தெரியாது என்று அக்கா கிறிஸ்துமஸ் வரை அதைச் சமாளித்தார்.

அதற்கப்புறம்தான் ஊருக்கு இதன் ருசி தெரிந்தது. வட்டத்துக்குள் பிள்ளைகளின் அழுகை பத்து மணிக்கு முன்னால் வராது என்று தெரிந்ததும், ராத்திரியெல்லாம் விழித்த பெற்றவர்கள் விடிந்ததும் பிள்ளைகளோடு வந்து என் கூடத்தில் பாய் விரித்தார்கள். ஐந்தே முக்காலுக்கு மேல் சண்டை நடக்காது, எவ்வளவு பெரிய சண்டையும் பாதி வார்த்தையில் நின்று மறு வேலை நாளுக்குத் தள்ளிப்போகும், சனி ஞாயிறு குறுக்கே வந்தால் என்ன சண்டை என்பதே மறந்துபோகும் என்று தெரிந்ததும், மேலத் தெருவிலிருந்து மனைவிமார்கள் வீட்டுக்காரர்களைச் சாயங்காலம் ஐந்தரைக்குக் கூட்டிவந்து, "இப்பப் பேசுங்க, என்ன பேசணுமோ பேசுங்க" என்று வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தார்கள். அதைவிடப் பெரிய செய்தி, வேலை நாளில் நேரங்காலம் பார்க்காத வலிகளும் லீவு நாளில் இங்கே விடுமுறை எடுத்தன. சகாயமேரி அக்காவின் முழங்கால் பதினோரு வருஷமாக வலித்த முழங்கால். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகக் கிளம்பி, வாசலில் நின்று, காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி, "பேச்சி, இங்க வாடி, வலியக் காணோம்டி" என்று கத்தினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் பல்வலிக்காரர்களும் இடுப்பு வலிக்காரர்களும் வேப்ப மரத்தடிக்கு வந்து, வலி இல்லாமல் கொஞ்சம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மனு எழுதித் தருகிறவர் ஒருவர் மேஜையோடு வந்து சேர்ந்தார். யாருக்கு மனு, எதற்கு மனு என்று அவருக்கும் தெரியாது, எழுதிக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது, ஆனாலும் கூட்டம் இருந்தது.

என் மிஷின் மட்டும் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

ஆறாவது தடவை திட்ட ஆபீஸுக்குப் போனேன். மேப் சுவரில் தொங்கியது. வரைவாளர் வைரமணி சார், ஒல்லியாக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருப்பார், ஸ்கேலை எடுத்து வந்து அளந்தார். "நூத்திப் பதினேழில் நாலு... சிவப்பும்மா. பொது உபயோகம். மில் வராது."

எக்கிப் பார்த்தேன். "சார், இது குங்குமம்."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "குங்குமம்தான். ஆனா சிவப்பா இருக்குல்ல?"

"கொஞ்சம் துடைச்சுப் பாருங்க சார், அடியில என்ன நிறம்னு தெரிஞ்சுரும்."

"பூஜையில வச்ச குங்குமத்தை நடுவுல யாராவது அழிப்பாங்களாம்மா? நீ உன் வீட்ல அழிப்பியா? அடுத்த ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்ணுவோம், அப்பத் துடைச்சாத்தான் உண்டு."

நானும் விடவில்லை. நேரில் வந்து பாருங்கள், அது குடியிருக்கிற வீடா ஆபீஸா என்று பார்த்து எழுதுங்கள் என்று மனுக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். வைரமணி சார் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டார். என் வாசலில் நின்று பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. உதறினார், எழுதவில்லை. கூடத்தில் ஒன்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் படுத்திருந்தன. மரத்தடியில் இருபது பேர் கையில் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் சாரிடமே, "வரிசையில வாங்க சார்" என்றார். பத்து மணிக்குப் பேனா எழுதியது. கோழியின் மூன்று முட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மணிக்கு என் குழம்பு கொதி நின்றபோது அவரே, "சாப்பாட்டு நேரம்" என்று சொல்லி எழுந்துகொண்டார். அவர் எழுதிய அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது: "மேற்படி இடம் அலுவலகமாகச் செயல்பட்டு வருவது நேரில் கண்டறியப்பட்டது. வரைபடத்தில் உள்ள சிவப்பு சரியே."

அன்றைக்கு மட்டும் அழுதேன். அதுவும் கோட்டுக்கு வெளியே வந்துதான் அழுதேன், மணி ஆறாகியிருந்தது, உள்ளே அழுகை வரவில்லை.

வருஷம் ஓடியது. யாழினி பேசத் தொடங்கினாள். மிஷினைக் காட்டி "இது யாரு?" என்று கேட்பாள், விருந்தாளி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார் என்று நினைப்பு அவளுக்கு. மஞ்சளை நான் உரலில் இடித்தேன். உள்ளங்கை காய்த்துப்போனது. ஆயுத பூஜை நெருங்கியதும், துடைக்கிற அன்று நானே போய் நின்றுவிடுவது என்று முடிவு செய்து வீட்டில் சொன்னேன். சுவருக்கும் காது என்பார்களே, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மொத்தமே ஒரு சுவர்தான். அரை மணியில் சகாயமேரி அக்கா வாசலில் நின்றார்.

"துடைக்கப் போறியாமே?"

"ஆமாக்கா. மில்லு ஓட வேண்டாமா?"

"உன் மில்லு ஓடணும்னா என் முழங்காலு ஓடக் கூடாதா? வாரத்துல ஒரு நாள்டி பேச்சி. ஒரே ஒரு நாள் நான் மனுஷியா மாடிப்படி ஏறுறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பிரசவத்துக்கு அப்புறம் நாற்பது நாள் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர், அந்தக் காலோடுதான் கொடுத்தார். "நான் என்னக்கா செய்யட்டும்?" என்றேன். "எனக்கென்ன தெரியும், நீதான எல்லாத்துக்கும் அளவெடுக்கிறவ" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். அன்று வியாழக்கிழமை.

பூஜைக்கு முந்தின நாள், இடுப்பில் மகள், கூடையில் ஆபீஸுக்குப் பொரிகடலை, ஈரத்துணி, அரைக்க முடியாமல் நான் இடித்த மஞ்சளில் ஒரு சிமிழ், இவற்றோடு காலையிலேயே போய்விட்டேன். அங்காயி அக்கா ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். மாநிறம், பெரிய நெற்றி. அந்த நெற்றியில் ஒன்றும் இல்லை. மேப்பைக் காட்டிக் கேட்டேன்.

"நான்தான் வச்சேன் தாயி. சுத்திலும் மஞ்சளும் நீலமுமா இருக்கு, நடுவுல ஒரு இடம் மட்டும் ஒண்ணுமில்லாம வெறும் நெத்தி மாதிரி இருந்துச்சு. பாக்கச் சகிக்கல. என் நெத்திக்குத்தான் வைக்க விட மாட்டேங்கிறாங்க, அதுக்காவது வைப்போமேன்னு வச்சேன்."

"ஒண்ணுமில்லாமயா? நிறமே இல்லையாக்கா?"

"துடைச்சுப் பாரு."

ஸ்டூலில் ஏறித் துடைத்தேன். வருஷம் முழுக்கக் காய்ந்த குங்குமம் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிக்கு வந்தது. அடியில் மஞ்சள் இல்லை, நீலம் இல்லை, பச்சை இல்லை. வெள்ளைக் காகிதம். துடைக்கத் துடைக்க வெள்ளை. வடக்கு ஓரத்துக்கு வந்ததும் கை தானாக நின்றது. தீக்குச்சி உரசி உரசி அளந்த வட்டம், எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அங்கே கடுகளவு குங்குமத்தை விட்டுவிட்டு இறங்கினேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் போன் செய்தார். "இந்தா புள்ள, என்ன பண்ணி வச்ச? கதவு திறந்தும் இல்ல, பூட்டியும் இல்ல. சேவல் பாதி கூவிட்டு என் மூஞ்சியப் பாக்குது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, இங்க யாரு குடியிருக்காங்கன்னு என்கிட்டயே கேக்குது, எனக்கும் சொல்லத் தெரியல. சீக்கிரம் ஏதாவது பண்ணு, எனக்கே இது நம்ம வீடுதானான்னு இருக்கு."

வைரமணி சார் வந்து பார்த்தார். "வெள்ளைக்கு விதியே கிடையாதேம்மா" என்றார். "வீடுன்னும் எழுத முடியாது, வீடு இல்லைன்னும் எழுத முடியாது."

"ஏஞ்சார், இந்த மேப்பை வரைஞ்சது யாரு?" என்றார் அங்காயி அக்கா, ஒட்டடைக் கம்பை ஊன்றிக்கொண்டு.

சாரின் கண்ணாடி தானாக நெற்றிக்கு ஏறியது. "நான்தான்" என்றார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஓரத்துலருந்து நிறம் அடிச்சுக்கிட்டே வந்து, கடைசியா நடு இடம் மட்டும் பாக்கி. மணி ஒண்ணு. சாப்பிட்டு வந்து அடிக்கலாம்னு எழுந்திரிச்சேன். டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், எலுமிச்சம்பழச் சோறு, ஒரு வாய் வைக்கல, ஆஸ்பத்திரியிலருந்து போன். மூத்தவ பிறந்துட்டா. ஓடிட்டேன். பத்து நாள் லீவு. திரும்பி வந்து பாத்தா மேப்பை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க." கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "அந்தப் பாப்பாவுக்குத்தான் இப்ப மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

"அப்ப இன்னும் சாப்பாட்டு நேரம்தான் ஓடிக்கிட்டிருக்கு சார்" என்றேன். "நீங்க இன்னும் திரும்பி வரல."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து, மேப்புக்கு முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "நீயே சொல்லும்மா. என்ன நிறம் அடிக்கட்டும்?"

டைப் சத்தம் நின்றது. ஒட்டடைக் கம்பு நின்றது. அந்த ஆபீஸ் ஒரு மனுஷியைப் பார்த்துக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவையாம். ஏழு தடவை கேள்வியோடு போனவளுக்குப் பதில் சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. நீலம் சொல்லியிருக்கலாம், கடையே கட்டியிருக்கலாம், ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் சகாயமேரி அக்காவின் வீடும் மற்ற இரண்டு வீடும் அந்த வட்டத்துக்குள்தானே இருக்கின்றன.

"மஞ்சள் சார். நாலு வீடும் வீடாவே இருக்கட்டும், என் மில்லும் ஓடட்டும். இந்த ஓரத்துல கடுகு மாதிரி சிவப்பு இருக்கு பாருங்க, அதை மட்டும் தொட்டுராதீங்க. அது வேப்ப மரத்தடி."

"பூஜைக் குங்குமத்தை நான் ஏம்மா தொடப் போறேன்" என்றார் சார். பெட்டியைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்து மஞ்சள் வண்ணம் கல்லாகக் காய்ந்திருந்தது. நான் சிமிழை நீட்டினேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மெல்லிய தூரிகையால் கோடு தாண்டாமல், சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தார். அடித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பிட்டு வந்துட்டேன்" என்றார். யாழினி கை தட்டினாள். அங்காயி அக்கா சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, இந்தத் தடவை மேப்பின் சட்டத்துக்கு மட்டும் பொட்டு வைத்தார்.

சாயங்காலம் நான் காகிதத்தோடு வந்து சேர்ந்தபோது வீட்டுக் கதவு ஒழுங்காகத் திறந்திருந்தது, உள்ளே மஞ்சள் வாசனை கல்யாண வீடு மாதிரி வீசியது. லைன்மேன் கட்டையைச் சொருகினார். விஜயதசமியன்று காலை ஆறு மணிக்குத் தார்ப்பாயை உருவினேன். வாசலில் டப்பா வரிசை கோட்டைத் தாண்டி நின்றது. முதலில் போட்டது மஞ்சள். மிஷின் போட்ட சத்தத்தில் சேவல் மதிலை விட்டு விழுந்தது, ஒரு வருஷமாகப் பத்து மணி வரை அழாமல் கிடந்த மகள் ஆறு மணிக்கே எழுந்து ஊரைக் கூட்டினாள், அந்த ஒன்றை மட்டும் நான் கணக்கில் வைக்கவில்லை.

மரத்தடியில் சகாயமேரி அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விடுமுறை நாள். "வலி?" என்று மிஷின் பக்கத்திலிருந்து சைகையில் கேட்டேன். எழுந்து, ஒற்றைக் காலில் நின்று காட்டினார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். மரத்தடிக்குள் கால் வைத்ததும் மில் சத்தம் காணாமல் போனது.

"இங்க ஒண்ணுமே கேக்கலடி" என்றார் அக்கா. "லீவு போல."

மறுநாள் வேலை நாள். தொட்டிலை மரக்கிளைக்கு மாற்றினேன். கால் வெளியே தொங்குகிற அளவு வளர்ந்துவிட்டாள், ஆனாலும் தூங்குகிறாள். ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை நான் நிம்மதியாக அரைக்கிறேன். பத்து அடித்ததும் நாலு மணி நேர மில் சத்தமும் நாலு மணி நேர அழுகையும் ஒன்றாக மரத்தடியில் வந்து இறங்கும். அப்போது மிஷினை நிறுத்திவிட்டு, முழங்கை வரைக்கும் மஞ்சள் தூளோடு, மகளைத் தூக்க நான் அந்த மரத்தடி ஆபீஸுக்குக் கிளம்புவேன்.